படத்தைப் படமாக மட்டும் பார்க்கச் சொன்னவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஈப்போ அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். சினிமாவுக்குப் போனால் சினிமா பார்த்துவிட்டு வர வேண்டியதுதானே, அதற்குள் பெண்ணியம், பின்காலனியம் என்று எதையாவது நுழைத்து நல்ல படத்தையும் கெடுக்கிறார்கள், எல்லாம் வெள்ளைக்காரன் பல்கலைக்கழகத்தில் செய்து நம் தலையில் கட்டிய சரக்கு, நம் பிள்ளைகள் நாலு எழுத்துப் படித்துவிட்டு வந்து பெற்ற தாய் சீரியல் பார்ப்பதைக் கூடக் குறை சொல்கிறார்கள் என்பது அவர் வாதம். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று புரிந்து சிரித்துவிட்டேன். ஆனால் மற்றதைச் சும்மா விட மனசு வரவில்லை.

முதலில் அந்த வெள்ளைக்காரன் சரக்கு விஷயம். காலனி ஆட்சி நம்மைப் பற்றி எழுதி வைத்த கதைகளைக் கிளறிப் பார்க்கும் இந்தப் பின்காலனியப் படிப்பில் எல்லாரும் சொல்லும் பெயர் எட்வர்ட் செய்த். அவரே ஒரு பாலஸ்தீனர். அவருடைய பேர்பெற்ற நூல் 1978இல் வந்தது. அதற்கு ஓராண்டு முன்னால், 1977இல், சையத் ஹுசேன் அலத்தாஸ் தமது நூலை வெளியிட்டுவிட்டார். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர், நம் மலேசியாக்காரர். மலாய்க்காரர் சோம்பேறி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அவர் தோண்டினார். சொந்த நிலமும் நெல் வயலும் இருக்கிறவன் தோட்டத் துரை கொடுக்கிற கூலிக்கு எதற்குப் போய் மாடாக உழைக்க வேண்டும்? போகவில்லை. போகாதவனுக்குத் துரை சோம்பேறி என்று பெயர் வைத்தான். சரி, கப்பலேற்றிக் கொண்டுவந்த நம் ஆட்களுக்கு என்ன பெயர் வைத்தான்? சொன்னதைக் கேட்கிறவன், எதிர்த்துப் பேசாதவன். இப்போது திரையில் மலேசியத் தமிழன் எப்படி வருகிறான் என்று பாருங்கள். ஒன்று வாயில்லாப் பூச்சி, இல்லையென்றால் கேங்ஸ்டர். சொன்னதைக் கேட்டால் முதல் வகை, கேட்காவிட்டால் இரண்டாவது. துரை போய் இத்தனை காலம் ஆகியும் அவன் எழுதிய செக்ரோல் (தோட்டத்தில் கூலியாட்களின் பெயர் எழுதும் பதிவேடு) இன்னும் கையில் இருக்கிற மாதிரிதான் நம் கதாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அன்பர் கேட்கலாம், இதெல்லாம் பெரிய அரசியல், மசாலாப் படத்தில் இதற்கு என்ன வேலை என்று. அவருக்காகவே ஒரு மசாலாப் படத்தை எடுத்துக்கொள்கிறேன், நம் எல்லாருக்கும் பிடித்த படம். 2007இல் வந்த ‘சிவாஜி’. ஷங்கர் இயக்கியது, ரஜினி நடித்தது. அதில் பெண் பார்க்கும் படலத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்கள். முகமெல்லாம் கறுப்பு மை அப்பிக் கொண்டு வருவார்கள். அப்பாவாக வருபவர் நாம் பட்டிமன்றத்தில் பார்த்து மதிக்கிற சாலமன் பாப்பையா. எப்படியாவது அந்தப் பெண்களைத் தள்ளிவிட வேண்டும் என்று அவர் துடிப்பார், நாயகனும் அவன் மாமனும் அலறியடித்து ஓடுவார்கள், தியேட்டரே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். அந்தப் பெண்களின் பெயர் என்ன தெரியுமா? அங்கவை, சங்கவை.

தமிழ் இலக்கியம் எடுத்துப் படித்த யாருக்கும் இந்த இடத்தில் தூக்கிவாரிப் போட வேண்டும். பாரியின் மகள்களுக்கு நம் மரபு கொடுத்திருக்கிற பெயர்கள் அவை. மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையைப் பிடித்து, அப்பாவையும் கொன்ற பிறகு அந்தப் பெண்கள் பாடியது புறநானூற்றில் 112ஆவது பாட்டாக இருக்கிறது. போன மாதத்து நிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது, இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை என்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு, ஐந்தே அடி. பிடிபட்ட மண்ணிலிருந்து பெண்கள் தங்கள் வாயால் பேசிய பேச்சு, அதுவும் சங்க காலத்தில். அதற்கப்புறம் அப்பாவின் நண்பர் கபிலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு குறுநில மன்னன் வாசலாக ஏறி இறங்குகிறார், இவர்களை மணந்துகொள் என்று கேட்கிறார். எவனும் சம்மதிக்கவில்லை. இப்போது படத்தின் காமெடியை மறுபடி நினைத்துப் பாருங்கள். யாரும் கட்டிக்கொள்ள மறுக்கிற இரண்டு பெண்கள், அவர்களுக்கு மாப்பிள்ளை தேடி அலைகிற ஒரு பெரியவர். பெயர் மட்டுமா வந்திருக்கிறது, கதையும் கூடவே வந்திருக்கிறது. கபிலர் பட்ட அவமானத்தை எடுத்துக் கறுப்புச் சாயம் பூசி நகைச்சுவைக் காட்சி ஆக்கியிருக்கிறார்கள். தெரிந்து செய்தார்களா, பெயர் சும்மா வாயில் வந்ததா என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. திரையில் இருப்பது இதுதான்.

அதே படத்தில் நாயகிக்குப் பெயர் தமிழ்ச்செல்வி. நடித்தவர் வடக்கே இருந்து வந்த ஸ்ரேயா, குரல் கொடுத்தவர் கனிகா. நடிகையை நான் குறை சொல்லவில்லை, அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். ஆனால் வெள்ளைத் தோலுக்குத் தமிழ்ச்செல்வி என்றும் கரி பூசிய முகத்துக்குப் பாரி மகளிர் பெயரும் வைத்தது ஒரே படம் என்பதைக் கவனியுங்கள். இது போதாதென்று நாயகன் சிவப்பாக வேண்டும் என்று ஒரு பகுதி வரும், ஒரு பாட்டு முழுக்க ரஜினி வெள்ளைக்காரன் நிறத்தில் ஆடுவார். அதற்காக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வைத்துப் படம் பிடித்து, அவர் தோல் நிறத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்து ரஜினி முகத்தில் ஒட்டினார்கள். கறுப்புத் தோலோடு தமிழ்நாட்டையே ஆட்டிப்படைத்த ஒரு மனிதருக்கு இத்தனை பாடுபட்டு வெள்ளையடித்ததை நாமும் விசிலடித்துப் பார்த்தோம். இதில் பின்காலனியம் மட்டும் பேசினால் நிறத்தோடு நின்றுவிடுவோம். பெண்ணியம் மட்டும் பேசினால் பெண் பார்க்கும் படலத்தோடு நின்றுவிடுவோம். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த இரண்டு பெண்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியும். நான் சொல்ல வந்ததும் அதுதான். கேள்வி வேண்டாம் என்று அன்பர் சொல்கிறார். பாதிக் கேள்வியோடு நிறுத்துகிறோமே என்பது என் வருத்தம்.

நம் ஊரிலும் இந்த வியாதி உண்டு. 2017இல் நோன்புப் பெருநாளுக்கு ஒரு பெரிய கடைக்காரர்கள் விளம்பரம் விட்டார்கள், நினைவிருக்கும். இனிமையான குரலைக் கேட்டு மயங்கிய ஆண் அந்தப் பெண்ணைத் தேடுகிறான், அவள் முக்காட்டை விலக்கினால் கறுப்பு, அவனுக்கு அதிர்ச்சி, அப்புறம் அவள் முகத்தைக் கழுவினால் வெள்ளை, எல்லாம் சுபம். பழைய நாட்டார் கதை என்று சமாளித்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். அந்த எதிர்ப்பைக் கிளப்பியவர்கள் எல்லாம் பல்கலைக்கழகப் பேராசிரியர்களா என்ன? கைபேசியில் பார்த்துக் கொதித்துப்போன சாதாரண ஜனங்கள்தான் பெரும்பாலும். கறுப்பாகப் பிறந்த பெண் எதற்குக் கழுவ வேண்டும் என்று கேட்டார்கள். தியரி என்று பெயர் வைக்காமலே தியரி பேசினார்கள்.

இனி எங்கள் பினாங்குக்கு வருகிறேன். இங்கே வந்து படம் எடுப்பதென்றால் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொள்ளை ஆசை. ஜார்ஜ்டவுன் கட்டடங்களும் கொடிமலைப் பங்களாக்களும் அப்படியே இருக்கின்றன அல்லவா. 2015இலும் 2016இலும் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ‘இந்தியன் சம்மர்ஸ்’ என்ற தொடர் வந்தது. கதை தொடங்குவது 1932இல் சிம்லாவில். எடுத்தது பினாங்கில். சிம்லா இப்போது சிம்லா மாதிரி இல்லையாம், அதனால் பினாங்கு சிம்லாவாக நடித்தது. என் உறவுக்காரர் ஒருவர் கூட்டத்தில் ஒருவராக நிற்கப் போனார், தலைப்பாகை கட்டி, பெட்டி தூக்கும் கூலியாக. பெட்டி காலி. காலிப் பெட்டியைக் கனமான பெட்டி மாதிரி தூக்குவதுதான் நடிப்பு என்று எங்களுக்கு நடுவீட்டில் நடந்து காட்டினார், முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, கண்ணைத் தரையில் போட்டு. வயிறு வலிக்கச் சிரித்தோம். சம்பளமும் சாப்பாடும் நன்றாக இருந்தது என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் சிரிப்போடு சிரிப்பாக ஒன்று உறுத்தியது. இந்த ஊர்க் கட்டடங்களில் பலவற்றை எழுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகள். 1818இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்ததுதான். அவர்கள் வழி வந்தவரோ வராதவரோ, எப்படியும் நம் ஆள் ஒருவர், அதே ஊரில் துரைக்குப் பெட்டி தூக்குகிற வேடத்தில் இருநூறு வருடம் கழித்து வந்து நிற்கிறார். துரைசாணி முகத்துக்குத்தான் காமிரா கிட்டத்தில் போகும். கூலிக்குப் பின்னால், பாத்திரம் தேய்க்கிற பெண்ணாக நிற்பவளுக்கு முகமே கிடையாது.

1999இல் ‘அன்னா அண்ட் தி கிங்’ படத்துக்கும் இதே கதை. தாய்லாந்து அனுமதி தரவில்லை, பினாங்கிலும் ஈப்போவிலும் லங்காவியிலும் எடுத்தார்கள், தாய்லாந்தில் படத்துக்கே தடை. ஜோடி ஃபாஸ்டர் தாய்லாந்து அரண்மனைக்கு வரும் துணிச்சலான ஆசிரியை, மன்னனிடமே எதிர்த்துப் பேசுவார். பெண்ணியப் படம் என்று கூட ஒருவர் சொல்லலாம். ஆனால் அந்த அரண்மனையில் இருக்கிற நூற்றுக்கணக்கான பெண்கள் எதற்கு? வெள்ளைக்காரப் பெண்ணின் துணிச்சல் எடுப்பாகத் தெரிவதற்கு. இதைத்தான் சந்திரா தல்பாடே மொஹந்தி 1980களிலேயே எழுதினார், மேற்கத்தியப் பெண்ணியவாதிகள் எழுதும்போது மூன்றாம் உலகத்துப் பெண்ணை எப்போதும் ஒரே அச்சில், படிக்காதவளாக, அடிபட்டவளாக, வாய் திறக்காதவளாக வார்த்து வைக்கிறார்கள் என்று. காயத்ரி ஸ்பிவாக் 1988இல் இன்னும் காரமாகச் சொன்னார், பழுப்பு நிற ஆணிடமிருந்து பழுப்பு நிறப் பெண்ணைக் காப்பாற்ற வெள்ளை ஆண் வருகிற கதை இது என்று. இருவரும் நம் பக்கத்துப் பெண்கள்தான், ஒருவர் மும்பையில் பிறந்தவர், இன்னொருவர் கல்கத்தா. சரக்கு எந்த ஊர்ச் சரக்கு என்று அன்பர் மறுபடி ஒருமுறை யோசிக்கட்டும்.

சரி, வெள்ளைக்காரன் எடுத்தால் அப்படித்தான் எடுப்பான். நாம் எடுத்தால்?

‘கபாலி’ 2016இல் வந்தபோது தோட்டத்து ஜனங்களின் கதையை ரஜினி பேசுகிறார் என்று எனக்கும் தலைகால் புரியவில்லை. பா. ரஞ்சித் அதில் கோட்டுப் போடுவதையே அரசியலாக்கினார், எவன் குனிய வேண்டும் என்று நினைக்கிறானோ அவன் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காருவது எப்படி என்று காட்டினார். ஈப்போ அன்பரும் கைதட்டியிருப்பார், அது பின்காலனியம் என்று தெரியாமலே. (மலேசியாவில் ஓடிய படத்தில் கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாக எழுத்துப் போட்டார்கள். அதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.) ஆனால் கபாலியின் மனைவி குமுதவல்லி? படத்தில் பாதிக்கு மேல் அவள் கபாலியின் நினைப்பில்தான் வருகிறாள், சேலை கட்டி, கண் கலங்கி. அப்புறம் தேடிக் கண்டுபிடிக்கப்படுகிறாள். இடையில் இருந்த இத்தனை வருடத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்று கேட்டு நிற்க அந்தப் படத்துக்குப் பொறுமை இல்லை. மகள் துப்பாக்கியோடு வருவாள், அது நல்ல காட்சி, நானும் ரசித்தேன். ஆனால் பெண்ணுக்கு நியாயம் செய்தாயிற்று என்று கணக்குக் காட்ட அவள் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

தோட்டம் என்றால் ஆண்கள் மட்டுமா? பால்மரம் வெட்டியதில், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்ததில், பெண்கள் எத்தனை பேர் என்று எந்தப் பழைய தோட்டத்துக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள். 1920களின் கடைசியில் மலாயாவின் பல தோட்டங்களில் அரசாங்கம் நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசைப் பற்றி ஒரு படம் வந்திருக்கிறதா? விடிவதற்கு முன்னால் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்குப் போய், பால் எடுத்து, திரும்பி வந்து உலை வைத்தவளுக்குத்தான் அந்தப் பத்துக் காசு குறைவு. துரை பிடித்தது பத்துக் காசு, வீட்டுக்காரன் கள்ளுக்கடையில் விட்டது மீதி. இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அவள் கதை ஆகாது.

2005இல் தீபக் குமரன் மேனன் ‘செம்மண் சாலை’ எடுத்தார். ரப்பர் தோட்டத்தில் வளர்கிற பெண், பல்கலைக்கழகம் போக ஆசைப்படுகிறாள். நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 2015இல் வந்த ‘ஜகாட்’டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். ஷான்ஜே குமார் பெருமாளின் படம், தேசியத் திரைப்பட விழாவில் மொழி வாரியாகப் பிரித்துப் பரிசு கொடுப்பதா என்று பெரிய சண்டையே நடந்து கடைசியில் சிறந்த படமாக ஜெயித்தது. ரொம்ப நல்ல படம், நான் மனசாரச் சொல்கிறேன். தோட்டம் உடைந்து டவுனுக்கு விரட்டப்பட்டவர்களின் பையன்கள் ஏன் கும்பலில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அதைவிட உண்மையாக யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே தோட்டம் உடைந்தபோது பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள்? பிறையிலும் பாயான் லெப்பாசிலும் ஃபேக்டரியில் ஷிஃப்டுக்கு நின்றார்கள், அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தார்கள். ஃபேக்டரி பஸ் ஏறின பெண்ணைப் பற்றி எடுத்தால் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். கத்தி இல்லையே அதில்.

இத்தனைக்கும் நம் பெண்கள் கையில் கத்தி, துப்பாக்கி எல்லாமே இருந்த காலமும் உண்டு. 1943இல் சிங்கப்பூரில் அமைந்த, நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள், அதிலும் தோட்டத்துப் பெண்கள் நிறைய. இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் இந்தியாவுக்காகச் சண்டைக்குக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் ஜானகி ஆதி நாகப்பன், இன்னொருவர் ராசம்மா பூபாலன். ராசம்மா பிறகு ஆசிரியை ஆகி, பெண் ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கம் கட்டி, ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடியவர். வெள்ளைக்காரனோடும் சண்டை, நம் ஆட்களோடும் சண்டை. இதைவிட ஒரு கதாநாயகி வேண்டுமா?

கடைசியாகச் சீரியல். அன்பரின் வீட்டம்மாவுக்காகச் சொல்கிறேன், யாரும் டிவியை அணைக்கச் சொல்லவில்லை. என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது சாயங்காலம் ஆனால் அஸ்ட்ரோ டிவிதான். அவர் பார்க்கிற அழகைப் பார்க்க வேண்டும். பட்டுச்சேலையும் நகையுமாக ஒருத்தி படுக்கையிலிருந்து எழுந்தால், "நகையோட தூங்குனா கழுத்து அறுக்காதாடி" என்பார். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டு அழுதால், "அழுவாத, போய் ஒரு வேலையைத் தேடு" என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போடுவார். அந்த வீட்டில் யாருமே வேலைக்குப் போகாமல் அத்தனை பெரிய வீடு எப்படி ஓடுகிறது என்பது அவருக்கு இன்னும் விளங்காத மர்மம். அப்புறம் மறுநாளும் அதே சீரியலைத்தான் பார்ப்பார். அமெரிக்காவில் பெல் ஹூக்ஸ் என்ற கறுப்பினப் பெண் அறிஞர் 1992இல் இதைப் பற்றி எழுதினார். திரையில் தங்களுக்கு இடமே இல்லாத பெண்கள் படத்தை நம்பாமல், எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டே பார்க்கிறார்கள், அதிலேயே ஒரு ரசனையும் இருக்கிறது என்றார். என் அம்மா அவரைப் படிக்கவில்லை, ஆனால் சாயங்காலம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடப்பது அதுதான். ஆகவே கேள்வி கேட்டால் ரசிக்க முடியாது என்று அன்பர் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு மலரில் சினிமாவுக்கு நாலு பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வருகிற படங்களும் அவற்றுக்குக் கீழே போடுகிற வாசகங்களும்தான். நடிகை இளைத்தாரா பருத்தாரா என்பதற்கு அரைப் பக்கம். லாரா மல்வி என்ற அம்மையார், காமிரா ஆணின் கண்ணாக இருந்து பெண்ணைப் பார்க்கிறது என்று 1975இல் எழுதினார். சினிமாவில் காமிரா செய்கிற வேலையை உங்கள் பத்திரிகையில் அந்தப் புகைப்பட வாசகம் செய்கிறது. நாலில் ஒரு பக்கத்தையாவது இங்கே எடுக்கப்படுகிற படங்களுக்கும் தொடர்களுக்கும் கொடுங்கள், அதை எழுதுவதற்குப் பெண்களைக் கூப்பிடுங்கள், ஃபேக்டரியில் வேலை செய்கிற பெண் எழுதினாலும் போடுங்கள், எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ஈப்போ அன்பரும் பதில் எழுதட்டும். அவர் வீட்டுப் பிள்ளையையும் எழுதச் சொல்லுங்கள், எனக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்லித் திட்டு வாங்கியது என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டித்தான் போடுவீர்கள். வெள்ளைக்காரப் படங்களைப் பற்றிய பத்திகளை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், அங்கவை சங்கவையில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு